டச்பேடில் வைத்த சந்தனப் பொட்டு

1. மணிக்கட்டில் குங்குமம்

விஜயதசமி அன்று காலை பத்து நாற்பதுக்கு என் வலது மணிக்கட்டின் அடியில் குங்குமம் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். டீ டம்ளரை எடுக்கும்போது கண்ணில் பட்டது. முந்தின நாள் ஆயுத பூசை. மில்லில் குங்குமம் படாத பொருளே இல்லை. அதனால் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. துடைக்கப் போனவன் பாதியில் நின்றேன். காலையில் குளித்துவிட்டு வந்திருக்கிறேன். வந்தபின் பூசைத் தட்டுப் பக்கமே போகவில்லை. தொட்டது லேப்டாப் ஒன்றைத்தான்.

குனிந்து பார்த்தேன். டச்பேடின் நடுவில் நான் வைத்த சந்தனப் பொட்டு வட்டமாக இல்லை. கீழ்நோக்கி, என் பக்கமாக, ஒரு விரல் நீளத்துக்கு இழுபட்டிருந்தது. அதன் மேலிருந்த குங்குமம் பாதிதான் இருந்தது. மீதி என் கையில்.

உடனே தீவனக் கலவையின் அளவுகள் இருக்கும் எக்செல் ஷீட்டைப் பார்த்தேன். சூரியகாந்திப் புண்ணாக்கு என்ற வரியில் 30 இருக்க வேண்டும். 50 இருந்தது. அதற்கு ஏழு வரி கீழே, உப்பு என்ற வரியில் 3 இருக்க வேண்டும். 30 இருந்தது.

நான் வேலை பார்ப்பது நாமக்கல்லை அடுத்த ஒரு கோழித்தீவன மில்லில். ஒரு டன் குஞ்சுத் தீவனத்துக்கு உப்பு மூன்று கிலோ. முப்பது கிலோ போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் தொழிலில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். குஞ்சு தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராது. குடித்துக்கொண்டே இருக்கும். கழிசல் நீராகப் போகும். பிறகு கால் தள்ளாடி விழும். பெரிய கோழி ஓரளவு தாங்கும். ஆறு நாள் குஞ்சு தாங்காது.

அன்று காலை போட்ட இரண்டு டன் குஞ்சுத் தீவனம், நாற்பது மூட்டை, பத்தேகாலுக்கே மினி லாரியில் கிளம்பிவிட்டது. எருமப்பட்டிப் பக்கம் மரகதம் என்பவர் தனியாகக் கவனித்துவரும் பண்ணைக்கு. அங்கே நாலாயிரம் குஞ்சுகள். வந்து ஆறு நாள் ஆனவை. பழைய தீவனம் அன்று காலையோடு தீர்கிறது என்று அவர் முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார்.

அப்போது நான் செய்த காரியத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பதற்றத்தில் உப்பை 3 என்று மாற்றினேன். சேவ் கொடுத்தேன். ஃபைலை மூடினேன். தப்பை மறைக்க வேண்டும் என்று மூடவில்லை. அந்த எண்ணைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மூடிய பிறகுதான் உறைத்தது. ஃபைல் திறந்திருந்தால் அன்டூ கொடுத்து, எதற்குப் பின் எது மாறியது என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போய்ப் பார்த்திருக்கலாம். மூடியதும் அந்தத் தடம் போய்விட்டது. ஒருமுறை கலக்கும் ஒரு டன்தான் ஒரு பேட்ச்; உப்பு முப்பதாக மாறியது காலையில் போட்ட இரண்டு பேட்சுக்கு முன்னாலா, பின்னாலா? கம்ப்யூட்டரில் அதற்கு இனிமேல் பதில் கிடையாது.

2. கல்யாணப் பத்திரிகை அட்டை

நிலைமை புரிய வேண்டுமானால் சித்திரை மாதத்துக்குப் போக வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் ஓமலூர். இந்த மில்லில் பேட்ச் ரூமில் உட்கார்ந்து பல வருடங்கள் ஆகின்றன. தினமும் நாட்குறிப்பு எழுதுவேன். எத்தனை பேட்ச், எந்த நேரத்துக்கு எந்த மோட்டார் நின்றது, மழை பெய்ததா என்பது வரை இருக்கும். பழைய காலத்து ஆட்களின் நாட்குறிப்புகளைத் தேடிப் படித்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அதனால் இந்த விஷயத்தில் நாளும் நேரமும் எனக்கு மனப்பாடம்.

சித்திரையில் பழைய டெஸ்க்டாப் தூசி அடைத்துச் செத்துப்போனது. அதற்குப் பதிலாக ஒரு லேப்டாப் வந்தது. டச்பேடில் விரலைத் தேய்த்து வேலை செய்ய எனக்கு வராது. முதல் நாளே வயர் மவுஸ் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டேன். அன்று முதலே தொல்லை. மவுஸால் ஒரு கட்டத்தைக் கிளிக் செய்வேன். கையை எடுத்து எண்ணை அடிப்பேன். அது வேறொரு கட்டத்தில் போய் உட்காரும். மெத்தியோனின் என்ற சத்துப்பொருளின் இடத்தில் ஒருமுறை பண்ணைக்காரர் பெயர் வந்து நின்றது. லேப்டாப்பில் பேய் புகுந்துவிட்டது என்று மில்லில் கேலி செய்தார்கள்.

பேய் என் உள்ளங்கைதான். அந்தச் சின்ன லேப்டாப்பில் எண்களுக்குத் தனிப் பகுதி கிடையாது. மேல்வரிசையில்தான் அடிக்க வேண்டும். அப்போது மணிக்கட்டின் அடி டச்பேடில் படும். லேசாக உரசினால் அம்புக்குறி நகரும். தட்டினால் அது ஒரு கிளிக். நாம் அடிக்கும் எண், அம்பு நின்ற புதுக் கட்டத்தில் விழும்.

கல்யாணப் பத்திரிகை ஒன்றை வெட்டி டச்பேடின் மேல் டேப் போட்டு ஒட்டினேன். பாதிக் குணம் தெரிந்தது. மெல்லிய அட்டை என்பதால் அழுத்திப் பட்டால் அதையும் மீறிக் கை தெரிந்தது. வைகாசியில் பிரின்டர் பார்க்க வந்த சர்வீஸ்காரர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். செட்டிங்ஸுக்குள் போய் டச்பேட் என்ற பக்கத்தைத் திறந்தார். மவுஸ் மாட்டியிருக்கும்போதும் டச்பேட் இயங்கட்டும் என்ற பொருளில் அங்கே ஒரு வரி, அதன் முன்னால் ஒரு டிக். அந்த டிக்கை எடுத்துவிட்டார். இனி மவுஸ் இருக்கும்வரை டச்பேட் தூங்கும் என்றார். சோதித்தேன். தூங்கியது. அட்டையைப் பிய்த்துப் போட்டேன். அன்றைய நாட்குறிப்பில் ‘பேய் ஓட்டப்பட்டது’ என்று எழுதியிருக்கிறேன்.

‘மவுஸ் இருக்கும்வரை’ என்று அவர் சொன்னதைக் கேட்டேன். அதில் இருந்த நிபந்தனையைக் கேட்கவில்லை.

ஆயுத பூசைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தோம். மிக்சர், ஹேமர் மில், தராசு, தையல் மெஷின் என்று ஒவ்வொன்றுக்கும் பெண்கள் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார்கள். பேட்ச் ரூமுக்கு நான் வைத்தேன். மவுஸுக்கு ஒன்று, பிரின்டருக்கு ஒன்று. லேப்டாப்பில் எழுத்தில்லாமல், வேலையில்லாமல், வெறுமையாகக் கிடந்த ஒரே இடம் டச்பேட். மாதக்கணக்கில் அதை யாரும் ஒரு உறுப்பாக நினைத்ததே இல்லை. நடுவில் அளந்து வைத்ததுபோல் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தேன். அழகாக இருந்தது என்று நினைத்ததும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலை மவுஸ் வயரைத் திரும்பச் செருகினேன். அந்த ஓட்டையில் தவிட்டுத் தூசி ஏறித் தளர்ந்திருந்தது. வயர் அசைந்தால் தொடர்பு ஒரு நொடி விட்டுப் பிடிக்கும். விடும்போது லேப்டாப் ஒரு ஓசை தரும். அன்று வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்கவில்லை. மவுஸ் விட்ட நேரத்தில் டச்பேட் விழித்துக்கொண்டது. சூரியகாந்திப் புண்ணாக்கு இருப்புக் குறைவு என்பதால் ஐம்பதை முப்பதாக்க வேண்டியிருந்தது. கண் அளவு எழுதிய காகிதத்தில், கை கீபோர்டில். கை கீழ்நோக்கி உரசியது. அம்பு ஏழு வரி கீழே, உப்புக்கு இறங்கியது, நான் அடித்த முப்பது அங்கே போய் விழுந்தது. பொட்டு இழுபட்டிருந்த திசையும் அதேதான்.

மொத்தம் ஆயிரம் கிலோவைத் தாண்டியிருக்குமே, அதில் தெரிந்திருக்காதா என்று கேட்பீர்கள். தெரியாதபடி செய்து வைத்திருந்தேன். மற்றச் சரக்குகளை எப்படி மாற்றினாலும் மக்காச்சோளம் தானாகக் கூடிக் குறைந்து மொத்தம் ஆயிரத்தில் நிற்கும்படி ஷீட்டில் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அது என் பெருமை. உப்பு முப்பதானதும் மக்காச்சோளம் இருபத்தேழு கிலோ விட்டுக்கொடுத்தது. அடியில் பார்த்தேன். ஆயிரம். திருப்தியாக எழுந்து போனேன். அது ஒன்பது பத்துக்கு, முதல் பேட்ச் தொடங்கும் முன். பத்து நாற்பதின் பதற்றத்தில் இதையெல்லாம் கோத்துப் பார்க்க வரவில்லை.

3. கை நின்ற இடம்

கம்ப்யூட்டரில் விடை இல்லை என்றதும் மாடிப்படி ஏறினேன். மிக்சருக்கு மேலே ஒரு மேடை இருக்கிறது. மக்காச்சோளம், சோயா போன்ற பெரிய சரக்கு தானாகக் கீழே இறங்கும். உப்பு, விட்டமின் போன்ற சிறிய சரக்கைக் கையால் எடை போட்டுக் கொட்ட வேண்டும். என் லேப்டாப் திரை அப்படியே அங்கே ஒரு டிவியில் தெரியும். அதைப் பார்த்து எடை போடுகிறவர் பழனியம்மாள். பதினோரு வருடமாக அதே தராசு.

உப்பு அடுக்கின் பக்கம் காலி மூட்டை ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது மூட்டை பிரித்திருந்தது. ஐம்பது கிலோ மூட்டை ஒன்று பதினாறு பேட்சுக்கு வரும்.

“காலைல உப்பு எவ்வளவு போட்டீங்கக்கா?”

“முப்பதுங்க சார். ரெண்டு பேட்சுக்கும் முப்பதுதான் டிவில வந்துச்சு.”

“முப்பதான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

அவர் கையில் இருந்த அள்ளு கரண்டியைத் தராசுத் தட்டில் வைத்தார்.

“மொத பேட்சுல கை நின்னுச்சுங்க சார். படியெறங்கி வரலாம்னு நெனச்சேன். அப்பறம் ஆடி மாசத்துல நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. சும்மா இருந்துட்டேனுங்க.”

ஆடியில் ஒருநாள், சுண்ணாம்புச் சத்துக்காகச் சேர்க்கும் கிளிஞ்சல் தூளின் அளவு மாறியிருப்பதைப் பார்த்து, சரிதானா என்று கேட்க அவர் படியிறங்கி வந்தார். அவர் வந்து போகும் நேரத்தில் பேட்ச் நின்றது. வெளியே இரண்டு லாரி காத்திருந்தது. அளவு சரியாகத்தான் இருந்தது. எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன்: “டிவில வர்றதைப் போடுங்க. கேள்வி கேக்கறதுக்கு உங்களுக்குச் சம்பளம் இல்லை.”

நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

கீழே ஓடினேன். மிக்சர் வாயில் ஒட்டியிருந்த தூளைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். சோள மாவின் வாசனைக்கு முன்னால் உப்பு வந்தது. கரித்தது.

4. திரும்பக் கூடாத வண்டி

லாரி ஓட்டுநருக்கு ஏழு முறை அடித்தேன். மணி போனது. எடுக்கவில்லை. மரகதத்துக்கு அடித்தேன். அவரும் எடுக்கவில்லை. குஞ்சு ஷெட்டுக்குள் போனால் போனை வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் போவார் என்று எனக்குத் தெரியும். நினைப்பு முழுக்க அந்த ஆணியில் தொங்கும் போனிலேயே இருந்தது.

முதலாளி சென்னியப்பன் வாசலில் பூசணிக்காய் உடைத்த இடத்தைக் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் சிறியவர். அப்பா நடத்திய மில்லை எடுத்து நடத்துகிறார். நடந்ததைச் சொன்னேன். லாரியைத் திருப்ப வேண்டும் என்றேன்.

“ஏனுங்க சார், வெளையாடறீங்களா? பூசை போட்டு, நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்புன மொத லோடுங்க அது. அப்பா காலத்துல இருந்து மொத லோடு திரும்பி வந்ததில்ல. ஒருக்கா நல்லாப் பாருங்க. டிவில தப்பாத் தெரிஞ்சிருக்கும்.”

எங்கள் பக்கம் இது சாதாரணப் பேச்சு இல்லை. விஜயதசமியின் முதல் லோடு திரும்பினால் அந்த வருடமே திரும்பியதுபோல. எனக்கும் அந்த நம்பிக்கை கொஞ்சம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே வாதம் செய்ய வரவில்லை. கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த தூளை நீட்டினேன்.

“நீங்களே ஒரு சிட்டிகை வாயில போட்டுப் பாருங்க.”

போட்டார். துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டே கார் சாவியை எடுக்கப் போனார். அதற்குப் பிறகு முதல் லோடு பற்றிப் பேசவே இல்லை.

கிளம்பும்போது பத்து ஐம்பத்தெட்டு. அவர் ஓட்டினார். நான் மாறி மாறி இரண்டு எண்ணுக்கும் அடித்துக்கொண்டே வந்தேன். வழியில் ஒவ்வொரு மினி லாரியும் எங்கள் லாரி மாதிரியே தெரிந்தது. எல்லாவற்றின் முன்னாலும் வாழைக்கன்று கட்டியிருந்தது. பாதி வழியில் முதலாளி வாயைத் திறந்தார்.

“மூணு கிலோ போடற கையி முப்பது கிலோ போடுமுங்களா? பதினோரு வருசமாப் போடற பொம்பள. நாளைக்கிருந்து வேண்டாம்னு சொல்லீருங்க.”

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையில் போன் இருந்தது, மணி போய்க்கொண்டிருந்தது, அதைக் கேட்பதுபோல் இருந்துவிட்டேன்.

5. நான்கு வளையம்

பதினொன்று முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். லாரி காலியாக வேப்பமரத்தடியில் நின்றது. ஓட்டுநர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மூட்டைகள் ஷெட் வாசலில் அடுக்கியிருந்தன. மேலே ஒரு மூட்டை பிரித்திருந்தது.

குஞ்சுகளை முதல் வாரங்களில் தகரத் தடுப்புப் போட்டு வளையம் வளையமாக விடுவார்கள். நடுவில் சூட்டுக்கு பல்பு. மரகதத்தின் ஷெட்டில் நான்கு வளையம், ஒவ்வொன்றிலும் ஆயிரம் குஞ்சு. இரண்டு வளையத்துக்குத் தீவனம் போட்டாகிவிட்டது. மூன்றாவது வளையத்துக்குத் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக் குஞ்சுகள் பசியில் கத்தின. தீவனம் போட்ட இரண்டு வளையங்களில் சத்தம் குறைவு. அத்தனையும் தண்ணீர் டப்பாவைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குடித்துக்கொண்டிருந்தன.

“என்னுங்க மொதலாளி, நீங்களே வந்துட்டீங்க? இதப் பாருங்க, இப்பத்தான் தண்ணி ரொப்புனேன், அதுக்குள்ள காலி. வெயிலுக்குன்னு நெனைக்கறேன். மெதுவாக் குடிங்க சாமிகளா, யாரு புடுங்கிக்கப் போறா.”

நான் அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டேன். சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னதால் அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தவில்லை. மூன்று பேரும் தடுப்புக்குள் இறங்கினோம். குஞ்சை மிதிக்காமல் காலை இழுத்து இழுத்து நகர்ந்து தட்டுகளை எடுத்தோம். தரையில் விரித்த காகிதத்தில் சிதறியதைக் காகிதத்தோடு சுருட்டினோம். முதலாளி பட்டு வேட்டியோடு கழிசலில் மண்டியிட்டார். கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். அவர் எடுத்தார். தீவனத்தை முழுவதும் எடுக்கச் சொன்னார். நல்ல தண்ணீரை ஒரேயடியாக நிரப்பி வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டுக் கொடுக்கச் சொன்னார். பிறகு கவனித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்றார்.

கவனித்துக்கொண்டிருப்பது பெரிய தண்டனை. ஒரு குஞ்சு கண்ணை மூடினால் அது தூங்குகிறதா, சாகிறதா என்று தெரியாது. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எழுப்பினேன். மரகதம் என் கையைத் தட்டிவிட்டார். தூங்குவதைத் தூங்கவிடுங்கள் என்றார்.

பக்கத்துப் பண்ணையிலிருந்து கடனாக மூன்று மூட்டைத் தீவனம் வாங்கி மற்ற இரண்டு வளையத்துக்கும் போட்டபின் அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

“கம்ப்யூட்டர்ல மாறீருச்சுங்கறீங்க. செரிங்க, மிசினுன்னா மாறும். கையில அள்ளிக் கொட்டுனவங்களுக்குமா தெரியல?”

முதலாளி பதில் சொல்ல வாயெடுத்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். காரிலேயே கேட்டிருந்தேன்.

“தெரிஞ்சுதுங்க,” என்றேன். “கை நின்னுச்சுன்னாங்க. வந்து கேக்க வேண்டாம்னு நான்தான் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன்.”

முதலாளி என்னைப் பார்த்தார். மரகதம் என்னைப் பார்க்கவில்லை. வளையத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அப்ப உங்குளுக்கு ஆளு எதுக்குங்க? தராசு போதுமே.”

சாயங்காலம் வரை இருந்தோம். கிளம்பும்போது மூட்டைகளை லாரியில் ஏற்றினோம். முதல் லோடு திரும்பியது. ஓட்டுநர் முன்னால் கட்டியிருந்த வாழைக்கன்றை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

அன்று ஐந்து குஞ்சு. மறுநாள் பதினான்கு. மூன்றாம் நாள் நான்கு. மொத்தம் இருபத்து மூன்று. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை போன் செய்து எண்ணிக்கையைக் கேட்டு எழுதிக்கொண்டேன். நான்காம் நாள் காலை அவரே முந்திக்கொண்டார்.

“இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க. எங்கூட்டுக்காரரு இருந்த காலத்துல கூட இத்தன தடவ போன் பண்ணுனதில்ல. வெய்யுங்க போன.”

வைத்தேன். வைத்த பிறகு அரைமணி நேரம் எந்த வேலையும் ஓடவில்லை.

6. இப்போது இருக்கும் முறை

பேட்ச் ரூமில், பில்லிங்கில், டிசைன் சென்டரில், எங்கே லேப்டாப்பில் மவுஸ் மாட்டி வேலை செய்கிறவராக இருந்தாலும் சரி, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மவுஸ் மாட்டினால் டச்பேட் தூங்கும் என்ற டிக்கை மட்டும் நம்ப வேண்டாம். மவுஸ் இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது ஒரு வயர், ஒரு ஓட்டை. அது விட்டால் டச்பேட் விழிக்கும். மவுஸ்தான் உங்கள் வழக்கம் என்றால் அதே பக்கத்தில் டச்பேடை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். சில லேப்டாப்பில் கீபோர்டின் மேல்வரிசையிலேயே அதற்கு ஒரு பட்டன் இருக்கும். கை தவறி அதைத் தொட்டால் மறுபடி இயங்க ஆரம்பிக்கும் என்பதால் வேலை தொடங்கும்போது தினமும் டச்பேடை ஒருமுறை தடவிப் பாருங்கள். அம்பு நகரக் கூடாது.

முழுவதுமாக அணைத்தால் இன்னொரு கவலை வரும். மவுஸ் செத்தால் கையில் ஒன்றும் இருக்காது. தீவன மில்லில் எலி வயரைக் கடிப்பது மாதம் ஒருமுறை நடக்கும். அதனால் மேஜை டிராயரில் இன்னொரு மவுஸ் வைத்திருக்கிறேன். டேப் கீ, அம்புக் கீ, ஸ்பேஸ் பார் இவற்றை மட்டும் வைத்து அதே செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் டச்பேடைத் திரும்ப உயிர்ப்பிக்கவும் பழகிக்கொண்டேன். மவுஸ் நன்றாக இருக்கும் நாளிலேயே அதைப் பழக வேண்டும். வண்டி காத்திருக்கும்போது பழக முடியாது.

ஷீட்டிலும் மாற்றம் செய்தேன். உப்பு வரி பூட்டியிருக்கிறது. ஐந்தைத் தாண்டினால் சிவப்பாகும். மக்காச்சோளம் தானாகச் சரியாகும் கணக்கை எடுத்துவிட்டேன். தப்பாக அடித்தால் மொத்தம் ஆயிரத்தில் நிற்காது. நிற்காததுதான் நல்லது. எது தப்பாகிவிட்டாலும் முதலில் ஃபைலை மூடாதீர்கள்.

மில்லுக்குத் திரும்பிய அன்றே மேடைக்குப் போய், மரகதத்திடம் சொன்னதைப் பழனியம்மாளிடமும் சொன்னேன். “செரிங்க சார்” என்று மட்டும் சொன்னார். வேலையிலிருந்து நிற்கச் சொல்லும் பேச்சை முதலாளி மறுபடி எடுக்கவில்லை. மேடைக்கு ஒரு இன்டர்காம் போட்டோம். சிறிய சரக்கைக் கொட்டும் முன் அவர் அளவை வாசிப்பார். நான் காகிதத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் வாசித்துவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு எனக்குத்தான் சில நாள் எரிச்சலாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

அடுத்த ஆயுத பூசைக்குப் பொட்டு லேப்டாப்பின் மூடிக்குப் போயிற்று.

இந்தக் குறிப்பை எழுதுவதற்காகப் பழைய நாட்குறிப்பை எடுத்தேன். அந்த ஆடி மாதப் பக்கத்தைத் தேடினேன். நாள் இருந்தது. மழை இல்லை என்று இருந்தது. பேட்ச் எண்ணிக்கை இருந்தது. ஹேமர் மில்லுக்கு பெல்ட் மாற்றிய நேரம் நிமிடத்தோடு இருந்தது. பழனியம்மாளிடம் நான் சொன்ன வாக்கியம் இல்லை. எழுதத் தகுந்தது என்று அன்று தோன்றவில்லை. பக்கத்தின் ஓரத்தில் இடம் இருந்தது. அந்த வாக்கியத்தை அங்கே எழுதி, இன்றைய தேதியைப் போட்டேன்.

எழுதி முடிப்பதற்குள் இன்டர்காம் அடித்தது.

“உப்பு மூணு புள்ளி ரெண்டுன்னு இருக்குதுங்க சார். நேத்து மூணுதானுங்களே?”

புது ஃபார்முலா நேற்று மாலைதான் வந்தது. நானேதான் ஏற்றினேன். சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், ஒரு நிமிடம் இருங்கக்கா என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன்.